வெட்டாமல் மாற்றுங்கள்

சென்னையிலும் கோயம்புத்தூரிலும் ஏனைய ஊர்களிலும் பழைய மோட்டார் வண்டிகளை வாங்கிப் பழுது பார்த்தும் மாற்றியமைத்தும் மகிழ்கின்ற இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பர்களே,

உங்களுடைய வண்டிகளைப் பார்த்து மகிழ்கிறவர்களில் நானும் ஒருவன். ஆயினும், ஒரே பொழுதுபோக்கில் ஈடுபட்டிருக்கும் நீங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துகொண்டு, ஒருவர் வண்டியை மற்றவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டதைக் கவனித்த பிறகு, இரு சாராரையும் ஒருசேர விளித்துச் சில வார்த்தைகள் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதற்கட்சியாருக்கு, தொழிற்சாலையை விட்டு வெளிவந்த தினத்தில் வண்டியில் எந்தத் திருகாணி இருந்ததோ அதே திருகாணிதான் இன்றைக்கும் இருக்கவேண்டும். வேறொன்று இருந்துவிட்டால் அது பெரிய அபசாரம். இரண்டாங்கட்சியாருக்கோ பழைய வண்டியின் கூடு ஒன்றே போதும். உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றிப் புதுப்பேட்டையில் எடைக்குப் போட்டுவிட்டு, ஜப்பானிய என்ஜின் ஒன்றையும் அகன்ற சக்கரங்கள் நான்கையும் பொருத்தி, அவை இடிக்கின்ற இடங்களிலெல்லாம் தகட்டை அறுத்து எறிந்துவிடுவதே அவர்களுக்குக் கலை. என் கட்சி யாது என்று கேட்பீர்களானால், மாற்றுவது குற்றமன்று, வெட்டுவதுதான் குற்றம் என்பதே. நீங்கள் செய்கிற எந்த மாறுதலும், நாளைக்கு வேறொருவன் ஸ்பானர் பெட்டியைத் திறந்துகொண்டு உட்கார்ந்தால் அதை அவிழ்த்துவிட்டுப் பழைய உறுப்பை அதன் இடத்திலே மறுபடியும் முடுக்கிவிடத் தக்கதாக இருக்கவேண்டும். அந்த எல்லைக்குள்ளே உங்கள் கற்பனை எவ்வளவு விஸ்தாரமாகச் சஞ்சரித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அசலைப் பற்றி முதலில் பேசுவோம். ஏனென்றால், முதற்கட்சியார் அசல் அசல் என்று வற்புறுத்துகிற அந்த வஸ்து நம் தேசத்து வண்டிகளில் அவ்வளவு சுலபமாக அகப்படுவதன்று. வண்டலூருக்குப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு கம்பெனியின் தொழிற்சாலையிலே 1961 முதல் உருவாகி வந்த ஹெரால்டு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்துக் கம்பெனியார் 1959-இல் டிரையம்ப் என்னும் பெயரோடு வெளியிட்ட அந்த வண்டிக்கு உருவம் தந்தவர் இத்தாலியரான மிக்கலோட்டி. அக்கம்பெனியாருக்குக் கூடு அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனி ஒன்று விலைக்கு வாங்கிவிட்டபடியால், முழுக் கூட்டையும் ஒரே உருவாகச் செய்துகொள்ள வழியின்றி, சேஸிஸைத் தனியாகச் செய்து அதன்மேல் கூட்டைப் பகுதி பகுதியாகப் போல்ட்டுகளால் முடுக்கிச் சேர்க்கும் முறையை அவர்கள் கைக்கொள்ள நேர்ந்தது. சங்கடத்திலிருந்து பிறந்த அந்த ஏற்பாடு, பிற்காலத்தில் பழுது பார்க்கிறவனுக்கு வரப்பிரசாதமாக அமைந்துவிட்டது. முன்புறத்துப் பானெட் இருபக்கத்து மட்கார்டுகளோடும் விளக்குகளோடும் சேர்ந்து அப்படியே முன்னோக்கிச் சாய்ந்து திறந்துகொள்ளுமாதலால், மெக்கானிக் முன்சக்கரத்தின்மேலேயே உட்கார்ந்து நிதானமாக வேலை செய்யலாம். இவ்வளவு சௌகரியம் இன்றைக்கு விற்கிற வண்டி எதிலும் இல்லை என்று துணிந்து சொல்வேன்.

இத்தகைய ஹெரால்டுக்குக் கவென்ட்ரியில் ஒருநாளும் நான்கு கதவுகள் இருந்ததில்லை. தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஒரே வண்டியில் ஏறிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிற நம் குடும்பங்களுக்கு இரண்டு கதவு போதாது என்பதைக் கண்டு, 1968-இல் அதற்கு நான்கு கதவுகள் வைத்தவர்கள் வண்டலூர்க்காரர்கள். அதன் பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே ஊசலாடும் அச்சில் இருந்தன. வேகமாகத் திருப்பத்தில் நுழைந்து, பயத்தினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து திடீரென்று காலை எடுத்தால், வெளிப்பக்கத்துப் பின்சக்கரம் அடியிலே மடங்கிக்கொண்டு வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும் துர்க்குணம் அவ்வச்சுக்கு உண்டு. 1972-இல் வெளிவந்த கெஸல் என்னும் வண்டியில் அந்த அச்சை நீக்கிவிட்டு, நம் சாலைகளுக்கும் நம் மெக்கானிக்குகளுக்கும் பழக்கமான நேர் அச்சையே வைத்தார்கள். அம்பாசடரின் கதையும் வேறன்று. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஆங்கில வண்டி உத்தர்பாராவுக்கு வந்து அம்பாசடராகி, ஒன்றிரண்டு வருஷங்களுக்குள்ளேயே பழைய பக்கவாட்டு வால்வு என்ஜினை உதறிவிட்டு 1,489 சி.சி. மேல்வால்வு என்ஜினைப் பெற்று, பின்பு டீசலும் ஏற்று, 1990-களில் இஸுஸு என்ஜினையும் ஐந்து கியர்களையும் வாங்கிக்கொண்டு, 2014-இல் உற்பத்தி நிற்கும்வரையில் மாறிக்கொண்டே இருந்தது. தொழிற்சாலைக்காரரே இத்தனை மாற்றங்களைச் செய்திருக்கும்போது, அவற்றில் எந்த நாளைக் குறித்துக்கொண்டு அதுதான் அசல் என்று நாம் சத்தியம் செய்வது?

மேலும், நம்மவர் வண்டியை மாற்றியது ஆடம்பரத்துக்காக மட்டும் அன்று. லைசென்ஸ், பர்மிட் என்று எல்லாவற்றுக்கும் கைகட்டி நின்ற காலத்தில், புதிய வண்டிக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்த ஜனங்கள், இருக்கிற வண்டியைச் சாகவிடாமல் காப்பாற்றுவதற்கு என்னென்னவோ செய்தார்கள். பெட்ரோல் விலை தாங்காமல் மாட்டடார் வேனின் டீசல் என்ஜினை ஜீப்புகளிலும் அம்பாசடர்களிலும் இறக்கினார்கள். ஃபியட்டின் ஸ்டியரிங் கியரை எடுத்துவிட்டுத் தரைக் கியர் வைத்து, முன்பக்கத்து நீள இருக்கையைக் கழற்றி இரண்டு தனி இருக்கைகள் போட்டுக்கொள்வது ஒரு காலத்தில் நாகரிகத்தின் சின்னமாகவே இருந்தது. வெளிநாட்டு வண்டியின் பிஸ்டனோ பேரிங்கோ கிடைக்காதபோது, வேறொரு வண்டியினுடையதை லேத்தில் கொடுத்துக் கடைந்து பொருந்த வைத்தார்கள்.

இந்தக் கைத்திறன் சென்னைக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் எண்ணிப் பாருங்கள். 1903-ஆம் வருஷத்திலேயே சிம்சன் கம்பெனியைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவி மோட்டார் வண்டி ஒன்றைக் கட்டி இந்நகரத்து வீதிகளில் ஓட்டினார். சுதந்திரத்தை அடுத்த வருஷங்களில் மவுண்ட் ரோட்டு அடிஸன் கம்பெனியார் மாரிஸ் வண்டிகளையும், எண்ணூரில் அசோக் மோட்டார்ஸார் ஆஸ்டின் வண்டிகளையும் பூட்டி விற்றார்கள். அப்புறம் செம்பியத்தில் பிஸ்டன், பாடியில் லூக்காஸ் டி.வி.எஸ்.ஸின் டைனமோவும் டிஸ்ட்ரிப்யூட்டரும், பிரேக்ஸ் இந்தியாவின் பிரேக்கும் என்று உதிரி உறுப்புகளின் தொழிற்சாலைகள் ஊரைச் சுற்றி எழும்பின. இத்தனை ஆலைகள் இருந்த ஊரில் வேலை கற்றவர்களும், அவர்களிடம் வேலை கற்றவர்களுமே ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளுக்கும் புதுப்பேட்டைச் சந்துகளுக்கும் உயிராக இருந்து வந்திருக்கிறார்கள். ஆகையால், பழைய வண்டியை மாற்றியமைக்கிற இளைஞன் பரம்பரையை மீறுகிறான் என்று யாராவது சொன்னால், அந்தப் பரம்பரையை அவர் சரியாக விசாரிக்கவில்லை என்று பதில் சொல்லுங்கள்.

பந்தய சரித்திரமும் உங்கள் பக்கத்துக்குத்தான் சாட்சி சொல்கிறது. யுத்த காலத்து விமானத்தளமாக இருந்த சோழவரத்தில், சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் நடத்திவந்த பந்தயங்களில் ஃபியட்டும் ஹெரால்டும் எத்தனையோ விதமாகச் சீர்திருத்தப்பட்டு ஓடின. கோயம்புத்தூர் கரிவர்தன் தம் கையாலேயே பந்தய வண்டிகளைக் கட்டி ஓட்டியதோடு நில்லாமல், மாருதி 800-இன் உறுப்புகளைக்கொண்டு ஃபார்முலா மாருதி என்னும் சிறு பந்தய வண்டியை உருவாக்கி, அதிகப் பணமில்லாத பிள்ளைகளும் பந்தயத்தில் இறங்குவதற்கு வழி செய்தார். அவர் வெட்டினாரா என்று நீங்கள் கேட்கலாம். அன்றைக்குத் தெருவெல்லாம் ஓடிக்கொண்டிருந்த வண்டியின் என்ஜினை எடுத்துத் தாமே கட்டிய சட்டத்தில் வைத்தார். எஞ்சியிருக்கிற நாலைந்தில் ஒன்றைக் கொன்று இன்னொன்றைச் செய்யவில்லை.

இனி, இரு கட்சியாரும் சமமாக அலட்சியம் செய்கிற விஷயத்துக்கு வருகிறேன், அது பராமரிப்பு. கார்புரேட்டரைப் பெரிதாக்குவதைப் பற்றியும், சைலன்ஸரின் நாதத்தைப் பற்றியும் மணிக்கணக்காகப் பேசுகிற அன்பர் ஒருவரை, உங்கள் ஹெரால்டின் டிரனியனுக்குக் கடைசியாக எப்பொழுது எண்ணெய் விட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மௌனமே விடையாக வரும். முன்சக்கரத்தைத் தாங்குகிற செங்குத்தான எஃகுத் தண்டின் அடிமுனை, மரையிட்ட வெண்கலக் கட்டை ஒன்றுக்குள் திருகியபடி நிற்கிறது; அந்தக் கட்டைதான் டிரனியன். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை அக்கட்டைக்குள் சுழல்கிறது. அதற்குக் கம்பெனிப் புத்தகம் விதித்திருப்பது 90-ஆம் நம்பர் கியர் ஆயில். ஆனால் நிப்பிளைக் கண்ட மாத்திரத்தில் கிரீஸ் கன்னை வைத்து அழுத்திவிடுவதுதான் பட்டறை வழக்கமாக இருக்கிறது. கிரீஸ் மரையின் அடிவரைக்கும் இறங்குவதில்லை. இறங்கிய மட்டிலும் நாளடைவில் காய்ந்து கட்டியாகிறது. மழைத் தண்ணீர் உள்ளே தங்கித் துருவேற்றுகிறது. கடைசியில் ஒருநாள், பெரும்பாலும் வீட்டு வாசலில் மெதுவாக வண்டியைத் திருப்பி நிறுத்துகிற சமயத்திலே, தண்டு ஒடிந்து சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்து விழுகிறது. மெதுவாகத் திருப்பும்போது விழுந்தால் அது பாக்கியம். செங்கல்பட்டுச் சாலையில் வேகமாகப் போகும்போது விழுந்தால் என்ன ஆகும் என்பதை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. ஓர் எண்ணெய்க் குப்பியும் அரைமணி நேரமும் செலவாகிற இந்தக் காரியத்துக்கு ஈடான மாற்றியமைத்தல் ஹெரால்டுக்கு வேறொன்றும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

பெட்ரோலின் கதையும் இவ்வாறே. ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000-ஆம் வருஷத்துத் தொடக்கத்தோடு நின்றுபோயிற்று. காற்றுக்கு அது நல்லதே. ஆனால் அந்த ஈயம் எரிந்தபின் வால்வு உட்காரும் இடத்தில் ஒரு மெல்லிய பூச்சாகப் படிந்து, வார்ப்பிரும்பு ஹெட்டுக்குக் கவசமாக இருந்து வந்ததை நாம் மறந்துவிட்டோம். அம்பாசடரையும் ஹெரால்டையும் நெடுந்தூரம் ஒரே வேகத்தில் விரட்டினால், எக்ஸாஸ்ட் வால்வின் ஆசனம் சிறிது சிறிதாகத் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும். டேப்பட் இடைவெளி அடிக்கடி குறைந்துபோவதே அதற்கு அறிகுறி. ஹெட்டைக் கழற்ற நேரும்போது, கடினமான எஃகு வளையங்களை வால்வு ஆசனங்களாகப் பொருத்தச் சொல்லிவிட்டால் தொல்லை தீர்ந்தது. ஃபியட்டுக்கு அலுமினிய ஹெட்டாதலால் வளையம் பிறவியிலேயே உண்டு. அதன் சொந்தக்காரர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

இப்பொழுதோ பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். அது பழைய ரப்பர்க் குழாய்களை வெடிக்கச் செய்கிறது; காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டு டாங்கின் அடியில் துருவை வளர்க்கிறது; காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்த கலவையாக என்ஜினுக்குப் போய்ச் சூட்டை ஏற்றுகிறது. எத்தனாலைத் தாங்குகிற குழாய்களாக மாற்றுங்கள். ஜெட்டையோ ஊசியையோ சற்றே தாராளமாக்கிக்கொள்ளுங்கள். மாதக்கணக்காக வண்டியை நிறுத்தி வைக்கிறவர்களாயின், பழைய பெட்ரோலை டாங்கிலேயே ஊறவிடாதீர்கள். இவையெல்லாம் மாறுதல்கள்தாம், முதற்கட்சியார் இவற்றை ஆட்சேபித்தால், அவர்கள் 1965-ஆம் வருஷத்துப் பெட்ரோலையும் எங்கிருந்தாவது வரவழைத்துக்கொள்ளட்டும்.

மாற்றுவதற்கு ஒரு முறை உண்டு. ஓட்டத்தைக் கூட்டுவதற்கு முன்னால் நிறுத்துவதைச் சரிசெய்ய வேண்டும். இந்தப் பழைய வண்டிகளின் பிரேக்கெல்லாம் ஒரே மாஸ்டர் சிலிண்டரையும் ஒரே குழாய் வழியையும் நம்பியிருப்பவை. ஏதேனும் ஒரு சக்கரத்தில் எண்ணெய் ஒழுகினால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போயிற்று. பிரேக் ஆயிலுக்கும் ஈரத்தை உறிஞ்சுகிற சுபாவம் உண்டாகையால், அதை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது முழுவதும் வடித்துப் புதிதாக நிரப்பவேண்டும். ரப்பர் ஹோஸ்கள் வெளியே பார்வைக்கு நன்றாக இருந்தாலும் உள்ளே வீங்கி அடைத்துக்கொள்ளும், அவற்றையும் மாற்றவேண்டும். இவ்வளவும் செய்த பிறகு, முன்பின் சக்கரங்களுக்குத் தனித்தனி வழியுள்ள இரட்டை மாஸ்டர் சிலிண்டரையும், முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கையும் வையுங்கள். ஹெரால்டின் உறவினரான ஸ்பிட்ஃபயரின் டிஸ்க், அதே போல்ட்டுகளில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஓர் அங்குலம்கூட அறுக்க வேண்டியதில்லை. டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் வைப்பவர்கள், ஆங்கில வண்டிகளில் பழையவை பாட்டரியின் பாஸிடிவை எர்த் செய்தவை என்பதை மறந்துவிட்டு நேராக இணைத்தால், புதிய ஆல்டர்னேட்டர் அந்த க்ஷணமே கருகிப்போகும். பாட்டரியைத் திருப்பி இணைத்துக்கொள்ளத் தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கண்டுபிடியுங்கள். பாயிண்ட்டையும் கண்டன்ஸரையும் எடுத்துவிட்டு டிஸ்ட்ரிப்யூட்டருக்குள்ளேயே மறைந்துகிடக்கிற எலக்ட்ரானிக் இக்னிஷன், ரேடியல் டயர், ஸீட் பெல்ட், நெரிசலில் சூடேறாதிருக்க மின்விசிறி இவையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மாட்டி மறு ஞாயிற்றுக்கிழமையில் கழற்றக்கூடியவை. குதிரைச் சக்தி வேண்டுமென்கிற ஆசை இவற்றுக்குப் பிறகும் மிஞ்சியிருந்தால் அப்பொழுது பேசிக்கொள்ளலாம், பெரும்பாலோருக்கு மிஞ்சாது.

வெட்டுவதைப் பற்றி நான் இவ்வளவு கடுமையாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. நம் ஊர்ப் பழங்கோயில்களில் திருப்பணி என்ற பெயரால் கற்சுவர்மேல் மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்தபோது, அழுக்கோடு சேர்ந்து கல்வெட்டு எழுத்துக்களும் உதிர்ந்துபோயின. சுண்ணாம்பு பூசியிருந்தாலாவது பின்னால் ஒருவன் சுரண்டிப் படித்திருப்பான். அகன்ற டயருக்காக மட்கார்டை அறுத்துவிட்ட ஹெரால்டும், பெரிய என்ஜினுக்காக முன்சுவரை உடைத்துத் தள்ளிய ஃபியட்டும் அந்த நிலையை அடைந்தவைதான். வண்டலூர்த் தொழிற்சாலையிலிருந்து இனி ஒரு ஹெரால்டு வரப்போவதில்லை. அந்த மட்கார்டின் வளைவை அடித்த அச்சும் இனி நமக்குக் கிடைக்கப்போவதில்லை.

சட்டமும் இந்த இடத்தில் என் பக்கம் நிற்கிறது, ஆனால் அதன் நியாயம் வேறு. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் வகுத்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்று விதிக்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதிப்படுத்திற்று. 2021-ஆம் வருஷத்து மத்திய விதிகளோ, முதற்பதிவாகி 50 வருஷங்களுக்கு மேற்பட்ட வண்டிகளை விண்டேஜ் என்று அங்கீகரித்து, வி.ஏ. என்ற எழுத்துக்களோடு கூடிய தனி நம்பரைப் பத்து வருஷங்களுக்கு வழங்குகின்றன. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஆனால் சேஸிஸிலோ, கூட்டிலோ, என்ஜினிலோ பெரிய மாறுதல் செய்திருந்தால் அந்தப் பெருமை கிடையாது. அறுத்தவன் தன் வண்டிக்கு வரவேண்டிய கௌரவத்தையும் சேர்த்தே அறுத்துவிட்டான் என்று அர்த்தம். இவ்விதிகளில் ஒரு குறையும் உண்டு. விண்டேஜ் என்று பதிவான வண்டியைத் தினசரி உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் பழுது பார்ப்பதற்கும் பெட்ரோல் போடுவதற்கும் மட்டுமே எடுத்துப் போகலாம். ஓடாத வண்டியின் ரப்பரும் ஸீலும் காய்ந்து வெடிக்கும் என்பதை அறிந்த எவரும் இப்படியொரு விதியை எழுதியிருக்க மாட்டார்கள். ஹெரால்டிலேயே ஆபீஸுக்குப் போகவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் அந்த கௌரவத்துக்கு ஆசைப்படாமல் இருப்பதே நலம்.

முதற்கட்சியாருக்குத் தனியாக ஒரு விண்ணப்பம். வண்டியை வெல்வெட் துணி போர்த்தி மூடி வைத்துவிட்டு, வருஷத்துக்கு ஒருமுறை கண்காட்சிக்கு லாரியில் ஏற்றி அனுப்புகிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். கோயம்புத்தூர் அவினாசி ரோட்டில் ஜி.டி. நாயுடுவின் பெயரால் அமைந்த கார்க் கண்காட்சிச் சாலை இருக்கிறது. அசையாமல் நிற்கிற வண்டிகளைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அங்கே போய்க்கொள்வார்கள். உங்கள் வண்டி ஓடட்டும். ஓடுவதற்காக அதில் நாலு உறுப்பை மாற்ற நேர்ந்தால் வெட்கப்படாமல் மாற்றுங்கள். இரண்டாங்கட்சியாருக்கும் ஒரு விண்ணப்பம். அறுவை மிஷினைக் கையில் எடுப்பதற்கு முன்னால், வயதான மெக்கானிக் யாரிடமாவது ஒரு வார்த்தை கேளுங்கள். எஸ்.யூ. கார்புரேட்டரின் ஓசையைக் காதால் கேட்டே கலவையை ஒத்திசைக்கிறவர்களும், கிங்பின் புஷ்ஷைக் கையால் ரீமர் செய்து பொருத்துகிறவர்களும் நம் பட்டறைகளில் இன்னமும் சிலர் இருக்கிறார்கள். இவர்களுடைய பிள்ளைகள் கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கிற புது வண்டிகளுக்குப் போய்விட்டார்கள், அதில் தப்பும் இல்லை. நீங்கள் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவர்கள் செய்வதைப் பார்த்து, செல்போனில் படமும் எடுத்துக்கொண்டால், கூலி கேட்காமலே கற்றுக்கொடுப்பார்கள். டீ மட்டும் நீங்கள் வாங்கித் தரவேண்டும்.

கடைசியாக, இரு சாராருக்கும் பொதுவாக ஓர் ஏற்பாட்டைச் சொல்லி முடிக்கிறேன். வண்டியிலிருந்து கழற்றிய ஒவ்வோர் உறுப்பையும், அது எவ்வளவு தேய்ந்திருந்தாலும், எண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றி, சீட்டு எழுதிக் கட்டி ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். என்றைக்கு எதை எடுத்து எதை வைத்தீர்கள், எந்த ஒயர் எந்த வர்ணம், எந்த ஜெட் எத்தனை நம்பர் என்பதையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதுங்கள். வண்டியை விற்கிற நாள் வந்தால், அந்தப் பெட்டியையும் புத்தகத்தையும் சேர்த்தே விலை பேசுங்கள். வாங்குகிறவர் அவை வேண்டாம் என்று சொன்னால், வேறு ஆளைப் பாருங்கள்.

இங்ஙனம்,
உங்கள் அன்பன்,
ஹெரால்டு வைத்திருக்கும் ஒருவன்